விமானத்தில் அபாயகரமான சரக்கு: அனுப்புநர் உறுதிமொழிப் படிவத்தை முறையாகத் தயாரிப்பது எப்படி?

1996 மே 11 அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட வேலுஜெட் 592 விமானம், சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து, அதில் இருந்த 110 பேரும் உயிரிழந்தனர். சரக்கு அறையில் வைத்திருந்த காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் தீக்குக் காரணமாயின. அந்தப் பெட்டிகளுடன் வந்த சீட்டில் அவை ‘ஆக்ஸி கேனிஸ்டர்ஸ், எம்ப்டி’ என்று எழுதப்பட்டிருந்தன. உண்மையில் அவை காலியாக இல்லை. பெட்டியில் ஒன்று, தாளில் வேறொன்று என்ற நிலை என்ன செய்யும் என்பதற்கு விமானச் சரக்குத் துறையினர் இன்றும் இந்த விபத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

விமானி எந்தப் பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. சரக்குக் கிடங்கில் ஏற்புச் சோதனை செய்பவரும் உள்ளே இருக்கும் திரவத்தை முகர்ந்து பார்ப்பதில்லை. இருவரும் அனுப்புநர் கையெழுத்திட்ட தாளைத்தான் நம்புகிறார்கள். அந்தத் தாளின் பெயர் ‘ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் ஃபார் டேஞ்சரஸ் குட்ஸ்’. இங்கே இதை உறுதிமொழிப் படிவம் என்று குறிப்பிடுகிறேன். இதை நிரப்புவதற்கான விதிகள் ஐகாவோ என்னும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தொழில்நுட்ப அறிவுறுத்தல்களில் உள்ளன. நடைமுறையில் எல்லோரும் கையில் வைத்திருப்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா ஆண்டுதோறும் வெளியிடும் டிஜிஆர் என்ற அபாயகரமான சரக்கு விதிப் புத்தகம். அதன் 8ஆம் பிரிவு முழுவதும் ஆவணங்களைப் பற்றியது. இந்தியாவில் விமானத்தில் அபாயகரமான சரக்கு ஏற்றிச் செல்லும் விதிகள் இந்த அறிவுறுத்தல்களுக்குச் சட்ட வலிமை தருகின்றன. மேற்பார்வை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவிடம் உள்ளது.

விளக்கம் எளிதாக இருக்கும் பொருட்டு ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்வோம். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பெயிண்ட் தொழிற்சாலை, சிங்கப்பூரில் உள்ள வாடிக்கையாளருக்கு ஒரு லிட்டர் தகர டப்பாக்களில் எட்டு லிட்டர் பெயிண்டை மாதிரியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படிவம் தேவையா என்று முதலில் பாருங்கள்

எல்லா அபாயகரமான சரக்குக்கும் உறுதிமொழிப் படிவம் தேவையில்லை. அபாயமற்ற சரக்கைக் குளிரில் வைத்திருக்கப் பயன்படும் உலர் பனிக்கட்டி (யூஎன் 1845; யூஎன் எண் என்பது அபாயகரமான பொருளுக்கு ஐ.நா. தரும் அடையாள எண்), பி வகை உயிரியல் மாதிரிகள் (யூஎன் 3373), விதிவிலக்கு அளவில் செல்லும் மிகச் சிறு அளவுகள் ஆகியவற்றுக்குப் படிவம் கேட்கப்படுவதில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஏர்வே பில்லில், அதாவது விமானச் சரக்கு ரசீதில், குறிப்பிட்ட விவரம் இடம்பெற வேண்டும். உலர் பனிக்கட்டி என்றால் யூஎன் எண், பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள பனிக்கட்டியின் நிகர எடை ஆகியவற்றை அங்கே எழுத வேண்டும். ‘படிவம் வேண்டாம்’ என்பதை ‘எதுவும் எழுத வேண்டாம்’ என்று புரிந்துகொண்டவர்களின் சரக்கு கிடங்கிலேயே தங்கிவிடும்.

லித்தியம் பேட்டரிகளில்தான் குழப்பம் அதிகம். கருவியோடு சேராமல் தனியாகச் செல்லும் லித்தியம் அயன் பேட்டரிகள் (யூஎன் 3480) 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகச் செல்ல முடியாது. சரக்கு விமானத்தில் மட்டுமே செல்லலாம். அவற்றுக்கு முன்பு இருந்த, படிவம் தேவைப்படாத இரண்டாம் பிரிவுச் சலுகையும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே இப்போது படிவம் கட்டாயம். கருவிக்குள் பொருத்தப்பட்டோ கருவியுடன் சேர்த்தோ செல்லும் சிறிய பேட்டரிகளுக்கு (யூஎன் 3481) மட்டும் அந்தச் சலுகை இன்னும் உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யூபிஎஸ் 6 சரக்கு விமானத்தில், முழுமையாக அபாயகரமான சரக்காக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டிய பேட்டரித் தொகுப்புகள் அப்படி அறிவிக்கப்படாமல் இருந்தன என்று விசாரணை கண்டது. பேட்டரி அனுப்புபவரிடம் கிடங்கில் கூடுதலாகக் கேள்வி கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

நமது பெயிண்டுக்கு இந்தச் சலுகைகள் எதுவும் பொருந்தாது, படிவம் தேவை.

படி 2: பொருளை அடையாளம் காணுங்கள்

உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளை, அதாவது எல்லோரும் இன்னும் எம்எஸ்டிஎஸ் என்றே சொல்லும் தாளை, எடுத்து 14ஆம் பகுதியைப் பாருங்கள். போக்குவரத்துத் தகவல் அங்கே இருக்கும். ஆனால் அதை அப்படியே நம்பிப் படிவத்தில் எழுதிவிடக் கூடாது. பல தாள்களில் கடல்வழிக்கும் சாலைவழிக்கும் உரிய வரிகள் மட்டும் இருக்கும். விமானத்துக்கு உரிய வரியே இருக்காது, அல்லது பழையதாக இருக்கும். 14ஆம் பகுதியில் எழுதியிருப்பதை 9ஆம் பகுதியில் உள்ள தீப்பற்று நிலையுடனும் கொதிநிலையுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். மூடிய கலத்தில் அளந்த தீப்பற்று நிலை 60 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அந்தத் திரவம் வகுப்பு 3இல், அதாவது தீப்பற்றும் திரவங்களில், அடங்கும். தொடக்கக் கொதிநிலை 35 டிகிரிக்கு மேலும் தீப்பற்று நிலை 23 டிகிரிக்குக் கீழும் இருந்தால் பேக்கிங் குரூப் 2 (அபாயத்தின் தீவிரத்தைக் காட்டும் பிரிவு இது; எண் குறையக் குறைய அபாயம் அதிகம்). தீப்பற்று நிலை 23 முதல் 60 வரை இருந்தால் பேக்கிங் குரூப் 3. நமது பெயிண்ட் 12 டிகிரியில் தீப்பற்றுவதாகக் கொண்டால் அது பேக்கிங் குரூப் 2.

தரவுத்தாள் உறுதிமொழிப் படிவத்துக்கு மாற்று ஆகாது. ‘எம்எஸ்டிஎஸ் இணைத்திருக்கிறோமே’ என்ற பதிலை ஏற்புச் சோதனையில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

படி 3: நீலப் பக்கங்களில் வரியைத் தேடுங்கள்

டிஜிஆர் புத்தகத்தின் 4ஆம் பிரிவில் நீல நிறப் பக்கங்களில் சரக்குகளின் பட்டியல் இருக்கிறது. யூஎன் 1263 என்ற எண்ணில் ‘பெயிண்ட்’ என்ற பெயரும், தின்னர் போன்றவற்றுக்கு ‘பெயிண்ட் ரிலேட்டட் மெட்டீரியல்’ என்ற பெயரும் உண்டு. எண் ஒன்றாக இருந்தாலும் பெயர் வேறு. தின்னரைப் பெயிண்ட் என்று எழுதினால் அது பிழைதான். பட்டியலில் தடித்த எழுத்தில் உள்ளதே படிவத்தில் எழுத வேண்டிய முறையான சரக்குப் பெயர். மெல்லிய எழுத்தில் உள்ளது விளக்கம் மட்டுமே. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அடைப்புக்குறிக்குள் அந்த அபாயத்துக்குக் காரணமான வேதிப்பொருளின் தொழில்நுட்பப் பெயரையும் சேர்க்க வேண்டும். வணிகப் பெயருக்கு அங்கே இடமில்லை.

அதே வரியில் வலதுபுறம் செல்லுங்கள். யூஎன் 1263, பேக்கிங் குரூப் 2க்கு மூன்று வாய்ப்புகள் தெரியும். வரையறுக்கப்பட்ட அளவில் ஒய் 341 என்ற பேக்கிங் இன்ஸ்ட்ரக்ஷனின்படி (பொதியும் முறைக்கான அறிவுறுத்தலின்படி) ஒரு பெட்டிக்கு 1 லிட்டர். பயணிகள் விமானத்தில் 353இன்படி 5 லிட்டர். சரக்கு விமானத்தில் மட்டும் என்றால் 364இன்படி 60 லிட்டர். இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பெட்டி, லேபிள், படிவம், விமானம் ஆகிய நான்கும் அமையும். எட்டு லிட்டரையும் ஒரே பெட்டியில் போட்டால் பயணிகள் விமானக் கதவு மூடிவிடும். சரக்கு விமானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு நான்காகப் பிரித்து இரண்டு பெட்டிகளில் போட்டால் அன்றாடப் பயணிகள் விமானத்திலேயே போகலாம். அவசர மாதிரிக்கு இரண்டாவது வழியே புத்திசாலித்தனம். நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 4: பெட்டியை முடித்துவிட்டுத் தாளுக்கு வாருங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து முதலில் படிவத்தை அச்சடித்துவிட்டுப் பிறகு கிடங்கில் பெட்டி கட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இதைவிட மோசமான வழக்கம் வேறில்லை. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதன் நகலாகத்தான் படிவம் இருக்க வேண்டும். எனவே பெட்டி ஒட்டி முடிந்த பிறகே படிவம்.

353இன்படி அனுப்பும் பெட்டி, யூஎன் சோதனையில் தேறிய பெட்டியாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டி என்றால் அதன் மேல் யூஎன் வட்டக்குறியும், ‘4ஜி’ என்ற குறியீடும், எக்ஸ் அல்லது ஒய் என்ற எழுத்தும், கிலோவில் மொத்த எடை வரம்பும், ஆண்டும், நாடும் அச்சாகியிருக்கும். ஒய் என்பது பேக்கிங் குரூப் 2க்கும் 3க்கும் பொருந்தும்; இசட் இருந்தால் பேக்கிங் குரூப் 3க்கு மட்டும்தான், நமது பெயிண்டுக்கு உதவாது. இந்தியாவில் இச்சோதனைச் சான்றிதழை இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேக்கேஜிங் வழங்குகிறது. அதற்குச் சென்னையிலும் மையம் உண்டு. பெட்டியின் மேல் யூஎன் எண், சரக்குப் பெயர், அனுப்புநர், பெறுநர் முகவரிகள், வகுப்பு 3க்கான லேபிள், எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்நோக்கிய அம்புக்குறிகள் ஆகியவை வந்துவிட்டனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பும்போது அந்தப் படம் திரையில் இருக்கட்டும்.

படி 5: படிவத்தின் மேல் பகுதி

படிவத்தின் இடது, வலது ஓரங்களில் சாய்கோடுகள் சிவப்பு நிறத்தில் அச்சாகியிருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் எடுத்த படிவம் திரும்பி வருவது இந்தச் சிவப்புக்காகத்தான். மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

அனுப்புநர், பெறுநர் கட்டங்களில் முழுப் பெயரும் முழு முகவரியும் எழுதுங்கள். ஏர்வே பில்லில் ஃபார்வர்டரின் (சரக்கை அனுப்பித் தரும் முகவரின்) பெயரும் படிவத்தில் தொழிற்சாலையின் பெயரும் இருப்பது தவறல்ல. இரண்டும் வேறுபடலாம் என்று விதியே அனுமதிக்கிறது. பக்க எண் கட்டத்தில் ஒரே பக்கமானாலும் ‘1இல் 1’ என்ற பொருளில் நிரப்ப வேண்டும். விமான நிலையக் கட்டங்களில் மூன்றெழுத்துச் சுருக்கம் போதாது. சென்னை, சிங்கப்பூர் என்று முழுப் பெயர் வேண்டும். ஏர்வே பில் எண், பக்க எண், விமான நிலையங்களின் பெயர் ஆகியவற்றை மட்டும் ஃபார்வர்டரோ விமான நிறுவனமோ நிரப்பலாம், திருத்தலாம். மற்ற எந்தக் கட்டத்திலும் அவர்கள் பேனா படக் கூடாது.

‘பயணிகள் மற்றும் சரக்கு விமானம்’, ‘சரக்கு விமானம் மட்டும்’ என்ற இரண்டு கட்டங்களில் பொருந்தாததை அடித்துவிட வேண்டும். அதேபோல ‘கதிரியக்கமற்றது’, ‘கதிரியக்கமுள்ளது’ என்பதிலும். வேகத்தில் பொருந்துவதையே அடித்துவிடுபவர்கள் உண்டு; டிக் போடும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, தேவையானதை விட்டு மற்றதை அடிப்பது கைக்கு வராத வேலை.

படி 6: நடுப்பகுதி, அதாவது உண்மையான படிவம்

யூஎன் எண், சரக்குப் பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் என்ற வரிசை மாறக் கூடாது. துணை அபாயம் இருந்தால் வகுப்புக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும். பேக்கிங் குரூப்பை ரோமன் எண்ணில் எழுத வேண்டும். அதன்பின் அளவும் பெட்டியின் வகையும், பிறகு பேக்கிங் இன்ஸ்ட்ரக்ஷன், கடைசியாக அனுமதிக் கட்டம். நமது சரக்கின் வரி இப்படி அமையும்:

யூஎன் 1263 – பெயிண்ட் – 3 – பேக்கிங் குரூப் II – 2 ஃபைபர்போர்டு பாக்ஸ் × 4 லிட்டர் – 353

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் அளவுக் கட்டத்தில்தான். ‘2 பெட்டி × 4 லிட்டர்’ என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் 4 லிட்டர் என்று பொருள். அதையே ‘2 பெட்டிகள், 8 லிட்டர்’ என்று எழுதினால், ஒரு பெட்டியில் 3 லிட்டரும் மற்றதில் 5 லிட்டரும் இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. ஐந்து லிட்டர் வரம்பு பெட்டிக்கு உரியது என்பதால் அந்தக் கேள்விக்குத் தாளே பதில் சொல்ல வேண்டும். பெட்டியின் வகையைச் சொல்லில் எழுத வேண்டும்; ‘4ஜி’ என்ற குறியீட்டைக் கூடவே எழுதலாம், அது மட்டும் போதாது. ‘கார்ட்டன்’ என்று எழுதுவதைத் தவிருங்கள். அளவு பொதுவாக நிகர அளவு. பட்டியலில் வரம்புக்குப் பக்கத்தில் ஜி என்ற எழுத்து இருந்தால் மட்டும் மொத்த எடையை எழுதி, அதே ஜி எழுத்தையும் சேர்க்க வேண்டும்.

வெவ்வேறு அபாயகரமான பொருட்களை ஒரே பெட்டியில் வைத்தால் கணக்கு ஒன்று போட வேண்டும். பெயிண்ட் 2 லிட்டரும் அசிட்டோன் (யூஎன் 1090) 1 லிட்டரும் ஒரே பெட்டியில் போகின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் பயணிகள் விமான வரம்பு 5 லிட்டர். 2ஐ 5ஆல் வகுத்தால் 0.4, 1ஐ 5ஆல் வகுத்தால் 0.2, கூட்டுத்தொகை 0.6. இதுதான் க்யூ மதிப்பு. இது 1ஐத் தாண்டக் கூடாது. தசமம் நீண்டால் ஓரிடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், அதாவது 0.62 வந்தால் 0.7. படிவத்தில் இரண்டு பொருட்களையும் அடுத்தடுத்து எழுதி, ‘ஆல் பேக்ட் இன் ஒன் ஃபைபர்போர்டு பாக்ஸ்’ என்ற வாசகத்தையும் க்யூ மதிப்பையும் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று அபாயகரமாக வினைபுரியும் பொருட்களானால் க்யூ எவ்வளவு குறைவாக வந்தாலும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது.

நமது இரண்டு பெட்டிகளையும் வசதிக்காக ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வைத்தால், அது ஓவர்பேக். அதற்கு உரிய வரிகள் முடிந்ததும் ‘ஓவர்பேக் யூஸ்டு’ என்று எழுத வேண்டும். சில பெட்டிகள் ஓவர்பேக்கிலும் சில வெளியிலும் இருந்தால், உள்ளே இருப்பவற்றை முதலில் எழுத வேண்டும்.

அனுமதிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஏ1, ஏ2 போன்ற சிறப்பு விதிகளின் கீழ் அரசு ஒப்புதலுடன் செல்லும் சரக்குக்கு மட்டும் அந்த எண்ணை எழுதி, ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கூடவே அனுப்ப வேண்டும். கதிரியக்கப் பொருட்களுக்குச் செயல்பாட்டு அளவு, போக்குவரத்துக் குறியெண், லேபிள் வகை ஆகியவை தனியாக வரும். அவற்றை மற்ற சரக்குகளோடு ஒரே படிவத்தில் கலக்கக் கூடாது. அது தனிப் பயிற்சி உள்ளவர்களின் வேலை.

படி 7: நாட்டின் விதியும் நிறுவனத்தின் விதியும்

டிஜிஆரின் 2.8 பிரிவில் நாடுகளும் விமான நிறுவனங்களும் தங்களுக்கென வைத்துள்ள கூடுதல் நிபந்தனைகள் இருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு என்றால் 24 மணி நேரமும் பேசக்கூடிய அவசரத் தொலைபேசி எண் படிவத்தில் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் சில வகுப்புகளை ஏற்பதே இல்லை. புறப்படும் நாடு, இறங்கி மாறும் நாடு, சேரும் நாடு, ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு நிறுவனம் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதால் விமானப் பதிவை உறுதி செய்வதற்கு முன்பே இந்தப் பக்கங்களைப் படிப்பது நல்லது. பெட்டி விமான நிலையம் போன பிறகு படித்துப் பயனில்லை.

படி 8: கையெழுத்து

படிவத்தின் அடியில் உள்ள உறுதிமொழி வாசகம், சரக்கு முழுமையாகவும் சரியாகவும் விவரிக்கப்பட்டிருக்கிறது, வகைப்படுத்தப்பட்டு, பொதியப்பட்டு, குறியிடப்பட்டு, லேபிள் ஒட்டப்பட்டு, பயணத்துக்குத் தகுந்த நிலையில் இருக்கிறது, விமானப் போக்குவரத்து விதிகள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டிருக்கின்றன என்று அனுப்புநர் சொல்வதாக அமைந்துள்ளது. இதன் கீழ் கையெழுத்திடுபவர் உரிய பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை 24 மாதங்களுக்குள் புதுப்பிக்க வேண்டும். படிவத்தை ஃபார்வர்டர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் பொறுப்பு அனுப்புநரை விட்டுப் போவதில்லை. வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஃபார்வர்டரிடம் ஒரு கட்டு கொடுத்து வைக்கும் நிறுவனங்கள், வெற்றுக் காசோலையில் கையெழுத்திட யோசிப்பார்கள்; இதில் யோசிப்பதில்லை.

அடித்தல் திருத்தல் இருந்தால், முதலில் கையெழுத்திட்ட அதே நபர் அதே கையெழுத்தைத் திருத்தத்தின் பக்கத்தில் இட வேண்டும். இரண்டு திருத்தங்களுக்கு மேல் போனால் புதிதாக ஒன்றை அச்சடிப்பதே நேரம் மிச்சம். கையெழுத்திட்ட இரண்டு படிகளை விமான நிறுவனத்திடம் தர வேண்டும். ஒன்று அவர்களிடம் தங்கும், மற்றொன்று சரக்குடன் பயணிக்கும்.

படி 9: ஏர்வே பில்

ஏர்வே பில்லின் கையாளுதல் குறிப்புக் கட்டத்தில், இணைந்த உறுதிமொழிப் படிவத்தின்படி அபாயகரமான சரக்கு இருக்கிறது என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சரக்கு விமானத்துக்கு மட்டும் உரியது என்றால் ‘கார்கோ ஏர்கிராஃப்ட் ஒன்லி’ என்பதையும் சேர்க்க வேண்டும். அதே ஏர்வே பில்லில் நிறப் பட்டியல் புத்தகம், தூரிகை போன்ற சாதாரணப் பொருட்களும் போனால், எத்தனை பெட்டிகள் அபாயகரமானவை என்ற எண்ணிக்கையை அங்கே குறிப்பிட வேண்டும். அந்தச் சாதாரணப் பொருட்களை உறுதிமொழிப் படிவத்தில் எழுதக் கூடாது.

படி 10: கிடங்கில் நடப்பது

ஏற்புச் சோதனை செய்பவர் அச்சிட்ட சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு படிவத்தையும் ஏர்வே பில்லையும் பெட்டியையும் வரிக்கு வரி ஒப்பிடுவார். பட்டியலில் ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் சரக்கு ஏற்கப்படாது. நிராகரிக்கப்பட்டால் அந்தச் சரிபார்ப்புப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் காரணம் கிடங்கிலிருந்து தொழிற்சாலைக்குப் போவதற்குள் வேறாகிவிடும்.

ஏற்கப்பட்ட பிறகு உங்கள் படிவத்தில் உள்ள யூஎன் எண்ணும் பெயரும் வகுப்பும் பெட்டி எண்ணிக்கையும், சரக்கு அறையில் அது வைக்கப்பட்ட இடத்துடன் சேர்த்து ‘நோட்டாக்’ என்ற தாளில் ஏறும். விமானம் புறப்படுவதற்கு முன் அது தலைமை விமானியிடம் போகும். வானில் தீ ஏற்பட்டால் அவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்வதும், தரையில் காத்திருக்கும் தீயணைப்பு வீரர்கள் கேட்பதும் அந்த விவரத்தைத்தான்.

படிவத்தின் ஒரு படியை அனுப்புநர் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். அதனுடன் பெட்டியின் படங்கள், தரவுத்தாளின் அப்போதைய பதிப்பு, பெட்டியின் சோதனைச் சான்றிதழ் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். டிஜிஆரின் புதிய பதிப்பு ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் நடைமுறைக்கு வருகிறது. டிசம்பர் கடைசியில் தயாரித்த படிவம் ஜனவரியில் கிடங்குக்குப் போவதாக இருந்தால், நீலப் பக்கத்தில் உங்கள் வரியையும் 2.8இல் உங்கள் நிறுவனத்தின் நிபந்தனைகளையும் புதிய புத்தகத்தில் மறுபடி பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.